சிறு குடும்பத்துக்கு மட்டும்

ரேவதி கண்ணு,

போன வாரம் நீ போனில் கேட்டதற்கு "யோசிச்சு சொல்றேம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆறு நாள் ஆகிவிட்டது. உண்மையில் அதில் யோசிக்க ஒன்றும் இல்லை, பதில் அன்றைக்கே என்னிடம் இருந்தது. ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் உன்னிடம் சொல்ல வேண்டியது வேறொன்று இருக்கிறது. அதைப் போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே நீ "பரவால்ல, உடுபா" என்பாய், நானும் அப்பாடா என்று விட்டுவிடுவேன். பதினான்கு வருடமாக அப்படித்தான் விட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். அதனால்தான் இப்போது லாட்ஜில் வேலைக்கு நடுவே, மதியம் அறைகள் காலியாகி ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில், பழைய ரிஜிஸ்டரில் மிச்சமிருக்கும் தாள்களைக் கிழித்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். கண்ணாடி மாற்றச் சொல்லி உன் அம்மா ஒரு வருடமாகச் சொல்கிறாள்.

நீ கேட்டதை உனக்கே திருப்பிச் சொல்கிறேன். செவிலிமேட்டு வீட்டின் மாடியில் நீயும் மாப்பிள்ளையும் கட்டிய இரண்டு அறைக்கு டு-லெட் பலகை மாட்டிவிட்டீர்கள். முதல் நாளே நிறையப் பேர் வந்து கேட்டார்கள். அதில் பாதிப் பேர் அரசுக் குடியிருப்பை இடிப்பதால் காலி செய்கிறவர்கள். "அரசாங்கம் குடுக்கிற வாடகை உதவித்தொகைய நம்பி வராங்கப்பா. அது நடுவுல நின்னுபோச்சின்னா யாரப் போய் கேக்கறது? ஆளும் நெறைய. அவரு வேணாங்கறாரு. அதான் பலகையிலயே சிறு குடும்பத்துக்கு மட்டும்னு எழுதிட்டோம். நீ இன்னாபா சொல்றே?" இதுதான் நீ கேட்டது. இதில் தப்பாக எதுவும் இல்லை. கடன் வாங்கிக் கட்டிய வீடு, மாதம் பிறந்தால் தவணை வந்து நிற்கும், பயம் இருக்கத்தான் செய்யும். ஆனால் அந்த மூன்று வார்த்தையை உன் வாயால் கேட்டதும் என் கையில் இருந்த டீ ஆறிப்போகும்வரை நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

நாம் இருந்த பழைய குடியிருப்பு உனக்கு நினைவிருக்கும். எங்கள் அப்பா காலத்தில் ஒதுக்கிய வீடு, இரண்டாவது மாடி, தண்ணீர்க் குழாய் கீழே. நீ ஒன்பதாவது போன வருடம், மூன்றாவது மாடி பால்கனியின் அடிப்பாகம் பெயர்ந்து விழுந்தது. யார் மேலும் விழவில்லை. பத்து நிமிஷம் முன்னால் விழுந்திருந்தால் கீழே வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த உன் அம்மா இருந்திருக்க மாட்டாள். அதற்குப் பிறகு அதிகாரிகள் வந்தார்கள், சுவரைத் தட்டிப் பார்த்தார்கள், கட்டிடம் முழுவதையும் இடித்துப் புதிதாகக் கட்ட வேண்டும் என்றார்கள். கட்டி முடியும்வரை வெளியில் வாடகைக்கு இருக்க ஒவ்வொரு குடும்பத்துக்கும் உதவித்தொகை உண்டு, கட்டி முடித்ததும் அதே இடத்தில் வீடு உண்டு என்று சொன்னார்கள். எல்லோரும் சந்தோஷப்பட்டோம். உன் தம்பி புது வீட்டில் தனக்கு எந்த மூலை என்று அப்போதே சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

பட்டியல் ஒட்டிய அன்று அதில் என் பெயர் இல்லை. வீடு எங்கள் அப்பா பெயரில் இருந்தது. அவர் இறந்து ஆறு வருடம் ஆகியும் நான் அதை என் பெயருக்கு மாற்றவில்லை. குடியிருப்பு அலுவலகத்தில் இருந்த அதிகாரி அம்மா நல்லவர்தான். "இறந்துபோனவர் பேருக்கு எப்படிங்க உதவித்தொகை போட முடியும்? வாரிசுச் சான்றிதழ் கொண்டாங்க, கூடப்பொறந்தவங்க ஆட்சேபணை இல்லேன்னு எழுதிக் குடுக்கட்டும், நானே மாத்தித் தரேன்" என்றார். உன்னிடம் அந்தக் காலத்தில் நான் "ஆபீஸ்ல ஏமாத்திட்டாங்க" என்று சொன்னேன். அது பொய். யாரும் ஏமாற்றவில்லை. அக்கா கேட்டதும் போட்டுவிடுவாள். ஆனால் என் அண்ணன், உன் பெரியப்பா, கையெழுத்துப் போட வேண்டும். அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்தில் அவர் "கடைசி காலத்துல அப்பாவ நீ ஒழுங்கா பாத்துக்கல" என்று நாலு பேர் முன்னால் சொன்னார். நான் இலையை விட்டு எழுந்து வந்தேன். அதோடு அவர் முகத்தில் முழிப்பதில்லை என்று இருந்தேன். அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருந்தது, அதனால்தான் அவ்வளவு கோபம். இந்த வீம்பில் ஆறு வருடம் ஓடியது, அந்த ஒரு கையெழுத்தும் வாங்காமல் போனது.

இருபது நாளில் காலி செய்ய வேண்டும். நம் கட்டிடத்துக் குடும்பங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஊருக்குள் வீடு தேடின. வாடகை ஏறிவிட்டது. நேற்றுவரை யாரும் சீந்தாத ஒற்றை அறைக்குக்கூட ஆள் போட்டி போட்டது. எங்கே இருந்து வருகிறோம் என்று சொன்னதும் சிலர் முகம் மாறியது. சிலர் நேராகவே "அந்தக் குடியிருப்பு ஆளுங்களுக்கு குடுக்கறதில்லபா" என்றார்கள். நான் காலையிலிருந்து சாயங்காலம்வரை புடவை எடுக்க வரும் வெளியூர்க்காரர்களுக்கு அறை திறந்துவிடுகிறவன். மூன்று மாடி லாட்ஜ். என் பெண்டாட்டி பிள்ளைகளோடு நான் இருக்க அந்த ஊரில் ஒரு அறை கிடைக்கவில்லை.

கடைசியில் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு வீட்டின் பின்பகுதி கிடைத்தது. வீட்டுக்கார அம்மா வயதானவர், தனியாக இருந்தார். கெட்டவர் இல்லை. அவருடைய கிணறு கோடையில் வற்றிவிடும், கழிப்பறைத் தொட்டி சின்னது. முன்னால் இருந்த குடும்பம் சொந்தக்காரர்களையெல்லாம் சேர்த்துக்கொண்டு அவரைப் படுத்தியிருக்கிறது. "எத்தினி பேரு?" என்று கேட்டார். நான் "நாலு" என்றேன். "நாலு பேரு வேணாம்பா. மூணு பேருன்னா குடுக்கறேன். தண்ணி பத்தாது" என்றார். நான் யோசிக்கவே இல்லை, கண்ணு. "மூணு பேருதாம்மா. ஒரு பொண்ணு சொந்தக்காரங்க வீட்ல படிக்குது" என்று சொன்னேன். அந்த நிமிஷம்வரை நீ யார் வீட்டிலும் தங்கிப் படிக்கவில்லை, என்னோடுதான் இருந்தாய். வாய் தானாகவே அப்படிச் சொன்னது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் உன் அம்மா கூலிக்கு முந்தானைக் குச்சு கட்டிக்கொண்டிருந்த பட்டுப் புடவையை மடியிலிருந்து எடுத்து வைத்தாள். "பையன அனுப்பேன், ஏன் பொண்ணு?" என்று கேட்டாள். அவன் சின்னவன், அழுவான் என்றேன். "அவ அழமாட்டான்னு சொல்றியா?" என்றாள். நீ அழமாட்டாய் என்று தெரிந்துதான் உன்னைத் தேர்ந்தெடுத்தேன். பொறுத்துப்போகிற பிள்ளையின் மேல்தான் எல்லாப் பாரத்தையும் வைக்கிறோம் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. தென்னேரியில் அத்தை தனியாக இருக்கிறாள், அவளுக்குத் துணை வேண்டும், அங்கே பள்ளிக்கூடமும் நல்லது என்று உன்னிடம் கதை சொன்னேன். நீ "எத்தினி நாளுக்குபா?" என்று மட்டும் கேட்டாய். "பரீட்ச வரைக்கும்" என்றேன். எந்தப் பரீட்சை என்று நான் சொல்லவில்லை. நீயும் கேட்கவில்லை.

மூன்று மாதம் கழித்து அத்தை லாட்ஜுக்கு வந்தாள். "பாப்பா டீச்சர்கிட்ட இன்னா சொல்லிக்கீது தெரியுமா? நான் படிப்புல மக்கு, அதான் எங்கப்பா என்ன இங்க அனுப்பிட்டாருன்னு சொல்லுதுடா" என்றாள். நான் அப்போதாவது உன்னிடம் வந்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு ஒரு பேனா பெட்டி வாங்கிக்கொண்டு வந்தேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

இப்போது சொல்லப்போவது உனக்கும் தெரியும், உன் அம்மாவுக்கும் தெரியும். மூன்று பேரும் ஒருநாளும் வாய் திறந்து பேசியதில்லை. தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு நீ வந்திருந்தாய். வீட்டுக்கார அம்மாவுக்கு ஒரு பழக்கம், நடையில் கிடக்கும் செருப்பை எண்ணுவார். அன்றைக்கு எண்ணிவிட்டு உள்ளே வந்து, நீ பாயில் உட்கார்ந்து தம்பிக்குத் தலை வாரிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். "இது யாருபா? அடிக்கடி வருது? ஆள் கூட்டிக்கினே போனா எப்படி?" என்று கேட்டார். உன் அம்மா அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். மகள் என்றால் நாலாவது ஆள் வந்துவிட்டது என்று காலி செய்யச் சொல்வாரோ என்று பயந்து நான் சொன்னேன். "இது தென்னேரில இருக்கிற என் அக்கா பொண்ணும்மா. சும்மா பாத்துட்டுப் போவ வந்திருக்குது." சொல்லிவிட்டு உன்னைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் சுவரைப் பார்த்தேன். நீ சீப்பைக் கீழே வைத்தாய், பையை எடுத்தாய். "நான் கெளம்பறேன் மாமா. பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாய்.

உனக்குப் பதிமூன்று வயது. நான் சொன்ன பொய்க்கு நீ ஒரு நொடியில் முட்டுக் கொடுத்தாய். உன் தம்பி ஏதோ சொல்ல வாயைத் திறந்தான், அவன் வாயை உன் கையால் பொத்திக் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனாய். பஸ் ஸ்டாண்டுவரை நான் உன்னோடு நடந்து வந்தேன். நீ பள்ளிக்கூடத்தில் நடந்த ஏதோ ஒரு போட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாய், நான் கேட்டுக்கொண்டே வந்தேன். தென்னேரி போகும் வாலாஜாபாத் பஸ் கிளம்பியதும் நீ ஜன்னலிலிருந்து கையாட்டினாய்.

மறுநாள் லாட்ஜுக்கு லீவு சொல்லிவிட்டு உன் பெரியப்பா கடைக்குப் போனேன். வாலாஜாபாத்தில் ஒரு டயருக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. "அண்ணா, நீ அன்னிக்கு சொன்னது சரிதான். அப்பாவ நான் சரியா பாக்கல. எனக்கு ஒரு கையெழுத்து வேணும்" என்றேன். தாளை வாங்கினார். படிக்கக்கூட இல்லை, கிரீஸ் கையோடு கையெழுத்துப் போட்டார். பிறகுதான் "பொண்ணு எங்கடா?" என்று கேட்டார். சொன்னேன். கையிலிருந்த டயரைக் கீழே போட்டார். "ஆறு மாசமா அக்கா வூட்லயா கீது? என் வூடு இங்க பூட்டியா கெடக்குது? மொதல்லயே வந்திருந்தா நாலு பேரும் இங்க வந்து இருந்திருக்கலாமேடா." அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். நீ தனியாகக் கழித்த அந்த நாட்களுக்குக் காரணம் வீட்டுக்கார அம்மாவும் இல்லை, அரசாங்கமும் இல்லை. பாதிக்கு மேல் நான்தான்.

அதற்குப் பிறகு நான் விடவில்லை. தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு எத்தனை நடை நடந்தேன் என்று எனக்கே தெரியாது. நம்மைப் போலவே பெயர் மாற்றாததால் பட்டியலில் விடுபட்ட குடும்பங்கள் இன்னும் இருந்தன. ஒருவருக்கொருவர் வெட்கப்பட்டுக்கொண்டு தனித்தனியாக அலைந்துகொண்டிருந்தோம். அவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்தேன். எல்லோருமாகச் சேர்ந்து ஒரு திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கலெக்டரிடம் மனு கொடுத்தோம். அடுத்த திங்களும் போனோம், அதற்கடுத்த திங்களும் போனோம். உன் அம்மா புடவையையும் நூலையும் கையோடு எடுத்து வந்து, அங்கேயே மரத்தடியில் உட்கார்ந்து குச்சு கட்டினாள். ஐந்தாவது தடவை எங்களைப் பார்த்ததும் அந்தக் குடியிருப்பு அலுவலகத்து அம்மாவே கூட்டத்திலிருந்து வெளியே வந்து, "உங்க எல்லாரு பேரும் ஏறிடுச்சு. போய் வீட்டப் பாருங்க" என்றார். நாங்கள் யாரும் உடனே எழுந்திருக்கவில்லை. காதில் விழுந்தது சரிதானா என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

உதவித்தொகை வந்தது. அது பெரிய தொகை இல்லை, வெளியில் கேட்ட வாடகைக்கு முழுதாகக் காணாது. ஆனாலும் இன்னொரு வீட்டுக்கு முன்பணம் கொடுக்க அது இருந்தது. இந்தத் தடவை நான் தேடிய விதம் வேறு. வாசலில் நின்றதும் அவர்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொன்னேன். "நாங்க நாலு பேரு. அரசாங்கத்து உதவித்தொகைலதான் வாடகை குடுப்பேன், மேல கொறையறத சம்பளத்துல போட்டுக் குடுப்பேன். நாலு பேருக்கும் சேத்துன்னா குடுங்க. ஒருத்தர் கொறையணும்னா வேணாம்." இரண்டு வீடு கைவிட்டுப் போயிற்று. மூன்றாவதாக, பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறிக்காரர், "உண்மைய சொல்ற ஆளுதான் வாடகையும் குடுப்பான்" என்று சொல்லிக் கொடுத்தார். அன்றே தென்னேரிக்கு வந்தேன். நீ "பரீட்ச முடிஞ்சிடுச்சாபா?" என்று கேட்டாய். அத்தைதான் அழுதாள்.

மிச்சக் கதை உனக்குத் தெரியும். கட்டிடம் எழும்ப அவர்கள் சொன்னதைவிட அதிக நாளாயிற்று. குலுக்கலில் நமக்கு மூன்றாவது மாடி வந்தது. நீ அங்கிருந்துதான் காலேஜ் போனாய், அங்கிருந்துதான் கல்யாணமாகிப் போனாய். மக்கு என்று நினைத்துக்கொண்டவள் இன்றைக்கு இன்னொருவர் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறாய். நீ மக்கு என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. உன்னை அனுப்பியது உன் படிப்புக்காக இல்லை. நான் செய்தது தப்பு. இதை எழுத எனக்குப் பதினான்கு வருடம் ஆகியிருக்கிறது.

இப்போது உன் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் லாட்ஜில் துப்புரவு வேலை செய்யும் ஜோதியை நீ பார்த்திருக்கிறாய், உன் கல்யாணத்துக்கு வந்திருந்தாள். இப்போது இடிக்கப்போகும் குடியிருப்பில்தான் இருக்கிறாள். அவள், மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் அவள் வீட்டுக்காரர், மாமியார், இரண்டு பெண்பிள்ளைகள். இரண்டு வாரமாக வீடு தேடுகிறார்கள். நீ பலகை மாட்டப்போவதாகச் சொன்ன அன்றே நான் அவளிடம் விலாசம் கொடுத்தேன். உன்னைக் கட்டாயப்படுத்தியதுபோல் ஆகக்கூடாது என்று, "தெரிஞ்சவங்க வீடு, போய்ப் பாரு" என்று மட்டும் சொன்னேன். இரண்டு நாள் கழித்துப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பி வந்தாள். "வாசல் வரைக்கும் போனேண்ணா. பலகைய பாத்துட்டு பெல் அடிக்காம வந்துட்டேன். சிறு குடும்பம்னு போட்டுக்கீது. நாங்க அஞ்சு பேரு, கேட்டா அவங்களுக்கும் சங்கடம்" என்றாள். பிறகு, தனக்குத்தானே பேசுவதுபோல, "மாமியார நாத்தனார் வூட்ல உட்டுட்டா நாலு பேராயிடும். பெரியவள ஹாஸ்டல்ல போட்டா மூணு" என்றாள்.

நான் அங்கேதான் நின்றிருந்தேன். அது என் மகள் வீடு என்று அப்போதே சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. இரண்டாவது தடவையாக உன்னை என் மகள் என்று சொல்லாமல் இருந்துவிட்டேன். நீ எனக்குப் போன் செய்தது அதற்கு மறுநாள். நேற்று அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். "ஜோதி, அது என் பொண்ணு வீடு. பெரியவள எங்கயும் அனுப்பாத." அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். "ரேவதி வூடா? அது தங்கமான பொண்ணாச்சேண்ணா" என்றாள். உன்னைப் பற்றி மற்றவர்கள் சொல்வதை நான் எப்போதும் தலைநிமிர்ந்து கேட்பேன். நேற்று முடியவில்லை.

மாப்பிள்ளையின் பயம் நியாயமானது, அதற்குப் பதில் சொல்கிறேன். உதவித்தொகை தாமதமாக வரும். வராமல் போகாது, ஆனால் தாமதமாகும். அவர்கள் பெயர் பட்டியலில் சரியாக இருக்கிறதா என்று நானே போய்ப் பார்த்துவிட்டேன், இருக்கிறது. வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போடு, அது உனக்கும் நல்லது அவர்களுக்கும் நல்லது. எத்தனை பேர் என்று ஒரு தடவை கேள், எழுதிக்கொள், அதற்குப் பிறகு எண்ணாதே. அந்தக் குடியிருப்பில் வாடகை தேடும் எல்லோருக்கும் உன் ஒரு மாடி போதாது. வீடு கட்ட வேண்டியது அரசாங்கம்தான், அதைக் கேட்டு நாங்கள் இன்னும் திங்கட்கிழமை போய்க்கொண்டுதான் இருக்கிறோம். ஊரில் இருக்கிற வீடு குறைவு, அந்தக் குறை ஒரே நாளில் தீராது. ஆனால் அது தீரும்வரை யாரோ ஒருவர் ஐந்து பேரையும் உள்ளே விட வேண்டும். நீ செய்ய வேண்டும் என்று நான் விரும்புகிறேன். கெஞ்சவில்லை, விரும்புகிறேன்.

வீடு உன்னுடையது. முடியாது என்றால் முடியாது என்று சொல், நான் வருத்தப்பட்டாலும் வீம்பு பிடிக்க மாட்டேன். அந்தப் பழக்கத்தை வாலாஜாபாத்தில் விட்டுவிட்டேன். ஜோதிக்கு வேறு வீடு கிடைக்கும்வரை அவளோடு நானும் தெருத் தெருவாக நடப்பேன். ஆனால் முடியாது என்பதைப் பலகையில் எழுதித் தெரிவிக்காதே. அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்.

ஞாயிற்றுக்கிழமை காலை டவுன் பஸ்ஸில் வருகிறோம். நான், ஜோதி, அவள் வீட்டுக்காரர், மாமியார், இரண்டு பிள்ளைகள். யாரையும் வீட்டில் விட்டுவிட்டு வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். மாமியாருக்கு முழங்கால் வலி, படியேற நேரமாகும், அவசரப்படுத்த வேண்டாம். நீ சமையல் எதுவும் செய்யாதே, உன் அம்மா புளிசாதம் கட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

அப்பா